அணுக்கழிவின் பயணமும் அதன் கணக்கும்

ஒன்றை ஆக்கும்போது அதன் பயனை எண்ணி மகிழ்கிறோம். அது விட்டுச் செல்லும் எச்சத்தை எண்ணுவதில்லை. அடுப்பில் விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அச்சாம்பல் பாத்திரம் துலக்க உதவும், பயிருக்கு எருவாகும். அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளோ அத்தகையதன்று. உலைக்குள் புகுமுன் கையுறை அணிந்த கையால் எடுக்கத்தக்கதாய் இருந்த அப்பொருள், சில ஆண்டுகள் கழித்து வெளிவரும்போது, கவசமின்றி அருகில் நிற்பவரைச் சில நிமிடங்களில் உயிரிழப்புக்கு உள்ளாக்கும் கொடுமையைப் பெற்றுவிடுகிறது. அதனை என்றென்றும் உலையின் அருகிலேயே வைத்திருத்தல் இயலாது. என்றேனும் ஒரு நாள் அது பயணப்பட வேண்டும். அவ்வாறு அது சாலை வழியாகவும் இருப்புப்பாதை வழியாகவும் செல்லும்போது வழியிலுள்ள மக்களுக்கு நேரக்கூடிய தீங்கு எவ்வளவு? அதனை எவ்வாறு கணிக்கின்றனர்? அக்கணிப்பை நாம் எந்த அளவிற்கு நம்பலாம்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

இலக்கியம் பயிலும் நமக்கு இவற்றோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். ஒரு கணக்கு, மனிதர் யாரையெல்லாம் உள்ளடக்குகிறது, யாரையெல்லாம் விட்டுவிடுகிறது என்று கேட்பது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய கேள்வியன்று. மனித வாழ்வைப் பேசும் எத்துறையினர்க்கும் அக்கேள்வி உரியது.

பொருளின் இயல்பு

முதலில் தவறான அச்சங்களைக் களைதல் நன்று. பயன்பட்டுத் தீர்ந்த அணு எரிபொருள் என்பது பச்சை நிறத்தில் ஒளிர்ந்து வழியும் நீர்மமன்று. யுரேனியம் டை ஆக்சைடு என்னும் சுட்ட மண் போன்ற திண்பொருள், விரல் நுனியளவு வில்லைகளாக ஆக்கப்பட்டு, சிர்கோனியக் கலப்பு உலோகக் குழல்களில் அடுக்கப்பட்டிருக்கும். அக்குழல்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டிய கட்டே எரிபொருட் கற்றை. இது பெட்ரோலைப் போல் கொட்டி ஓடாது. அணுகுண்டைப் போல் வெடிக்கவும் வெடிக்காது.

ஆயினும் அதனுள் சீசியம்-137, ஸ்டிரான்சியம்-90 முதலியன நிறைந்துள்ளன. இவற்றின் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டுகள். உடன் உறையும் புளூட்டோனியம்-239-இன் அரைவாழ்வோ 24,000 ஆண்டுகள். கொள்கலம் உடைந்து இவற்றின் நுண்துகள் காற்றில் கலந்தால் அவ்விடம் நெடுங்காலம் மனிதர் வாழத் தகுதியற்றதாகும். வாய்ப்பு மிகக் குறைவு. நேர்ந்தால் விளைவு மிகப் பெரிது. இவ்விரண்டையும் ஒரு தராசில் வைத்து நிறுப்பதே கணக்கின் கடினம்.

அமெரிக்காவின் பட்டறிவு

இக்கணக்கை மிக விரிவாகப் போட்ட நாடு அமெரிக்கா. அணுக்கழிவுக் கொள்கைச் சட்டத்தை 1982-இல் அந்நாடு இயற்றியது. பல இடங்களை ஆராய்ந்து சிறந்ததைத் தேர்வதே முதல் நோக்கமாக இருந்தது. 1987-இல் சட்டத்தைத் திருத்தி, நெவாடா மாநிலத்தின் யக்கா மலை ஒன்றை மட்டுமே ஆராய்ந்தால் போதும் என்று நாடாளுமன்றம் முடிவு செய்தது. லாஸ் வேகாஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வறண்ட மலை அது. அதனைச் சூழ்ந்த நிலம் 1863-ஆம் ஆண்டின் ரூபி பள்ளத்தாக்கு உடன்படிக்கையின்படி தங்களுக்குரியது என்று மேற்கு ஷோஷோனி பழங்குடியினர் உரிமை கோரி வருகின்றனர்.

அம்மலைக்குள் 70,000 மெட்ரிக் டன் வரை கழிவைப் புதைக்கத் திட்டம். நெவாடாவில் அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லை. உலைகளிற் பல நாட்டின் கிழக்குப் பகுதியில் இருக்க, கல்லறையோ மேற்கில். எனவே கழிவு நாட்டின் குறுக்கே பல மாநிலங்களைக் கடந்து செல்ல வேண்டியதாயிற்று. எரிசக்தித் துறை 2002-இல் வெளியிட்ட இறுதிச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை இருவகைப் பயணங்களை ஒப்பிட்டது. பெரும்பாலும் லாரிகளில் அனுப்பினால் 24 ஆண்டுகளில் ஏறத்தாழ 53,000 அனுப்புகைகள். பெரும்பாலும் இரயிலில் அனுப்பினால் ஏறத்தாழ 9,600 இரயில் அனுப்புகைகளும் 1,100 லாரி அனுப்புகைகளும். லாரி வழியெனில் நாளொன்றுக்கு ஆறு. இரயில் வழியெனில் நாளொன்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்.

2002-இல் நெவாடா ஆளுநர் தம் மறுப்பை முறைப்படி தெரிவித்தார்; நாடாளுமன்றம் அம்மறுப்பைத் தள்ளியது. 2008-இல் உரிமம் கோரி விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 2010-இல் அரசே அதனைத் திரும்பப் பெற முனைந்தது. அத்துடன் திட்டம் முடங்கியது. இன்று ஏறத்தாழ 90,000 டன் எரிபொருட் கழிவு அந்நாட்டின் எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் காத்துக் கிடக்கிறது. மேய்ன் மாநிலத்தின் மேய்ன் யாங்கி உலை 1996-இல் இயக்கத்தை நிறுத்தியது. 2005-க்குள் கட்டடங்கள் யாவும் இடித்து அகற்றப்பட்டன. ஆனால் எரிபொருள் நிறைந்த 60 கொள்கலங்கள் மட்டும் கடலோரத்தில் காவலுடன் நிற்கின்றன. மின்சாரம் நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் காவல் நிற்கவில்லை. ஆகவே பயணத்தின் இடரைக் கணிக்கும்போது பயணமே இல்லாமையின் சுமையையும் எண்ணுதல் நேர்மையாகும்.

கணக்குப் போடும் முறை

1977-ஆம் ஆண்டில் சாண்டியா தேசிய ஆய்வகம் ராட்டிரான் என்னும் கணினி நிரலை உருவாக்கியது. பின்வந்த மதிப்பீடுகள் பலவற்றிற்கும் அதுவே அடிப்படை. அதன் கணக்கு இரு பகுதிகளை உடையது.

முதற்பகுதி, விபத்தே நேராத வழக்கமான பயணம். எவ்வளவு தடித்த கவசமாயினும் சிறிதளவு காமாக் கதிரும் நியூட்ரானும் கசிந்தே தீரும். வண்டியிலிருந்து 2 மீட்டர் தொலைவில் மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. பாதையின் இருமருங்கும் 800 மீட்டர் வரை வாழும் மக்கள், உடன் செல்லும் வண்டிகளில் இருப்போர், வண்டி நிற்கும் இடங்களில் இருப்போர், ஓட்டுநர், ஆய்வாளர் ஆகிய அனைவரும் பெறும் அளவு தனித்தனியே கணிக்கப்பட்டுக் கூட்டப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, நெரிசலில் சிக்கிய லாரியின் பக்கத்தில் 2 மீட்டர் தொலைவில் ஒருவர் ஒரு மணி நேரம் நின்றால் உச்ச அளவாக 0.1 மில்லிசீவர்ட் பெறுவார். இயற்கையாகவே நாம் ஒவ்வொருவரும் உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். எனவே அந்த ஒரு மணி நேரம் இயற்கைக் கதிர்வீச்சின் ஏறத்தாழ 15 நாட்களுக்குச் சமம். தனி மனிதருக்கு இது பெரிதன்று. ஆனால் கணக்கு தனி மனிதரோடு நிற்பதில்லை. பதினாயிரம் பேர் ஆளுக்கு 0.1 மில்லிசீவர்ட் பெற்றால் கூட்டு அளவு 1 ஆள்-சீவர்ட். 1 சீவர்ட்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து என்னும் புற்றுநோய் இறப்பு வீதத்தால் பெருக்கினால் 0.05 இறப்பு என்று விடை வரும். இவ்வாறு இருபது ஆள்-சீவர்ட் சேர்ந்தால் தாளில் ஓர் உயிர் போகிறது. அவ்வுயிர் யாருடையது என்று எவராலும் சொல்ல இயலாது.

இரண்டாம் பகுதி விபத்து. ஓராயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை விபத்துகள், அவற்றுள் கொள்கலத்தைத் தாக்கும் அளவிற்குக் கடுமையானவை எத்தனை, கடுமையான விபத்தில் எவ்வளவு பொருள் வெளியேறும், காற்று அதனை எங்கே கொண்டு செல்லும் என்று படிப்படியாகக் கணித்து, நிகழ்தகவையும் விளைவையும் பெருக்குகின்றனர். அணு ஒழுங்காற்று ஆணையம் 1977, 1987, 2000, 2014 ஆகிய ஆண்டுகளில் இவ்வாய்வை மீண்டும் மீண்டும் மேற்கொண்டது. விபத்தே நேர்ந்தாலும் கதிரியக்கப் பொருள் வெளியேறும் வாய்ப்பு ஏறத்தாழ நூறு கோடியில் ஒன்றே என்று 2014-ஆம் ஆண்டின் ஆய்வு கூறியது. வழக்கமான பயணத்தின் சிறு கசிவும், லாரி மோதி நேரும் சாதாரணச் சாலை இறப்பும் கணக்கில் பெரியனவாய் நிற்க, நாம் அஞ்சும் பெருவிபத்து மிகச் சிறிதாய்ச் சுருங்கிவிடுகிறது.

கொள்கலத்தின் வலிமை

இந்நம்பிக்கைக்கு அடித்தளம் கொள்கலம். வளைந்து கொடுக்காத தளத்தின் மீது 9 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். 1 மீட்டர் உயரத்திலிருந்து எஃகு முளையின் மீது விழ வேண்டும். 800 பாகை செல்சியசு வெப்பத்தில் அரை மணி நேரம் எரிய வேண்டும். நீரில் மூழ்க வேண்டும். இத்தனைக்கும் தாங்குமென்று மெய்ப்பித்த பின்னரே அதற்கு ஒப்புதல் கிடைக்கும்.

ஒன்பது மீட்டர் வீழ்ச்சி மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தையே தரும். லாரிகளோ அதனினும் விரைந்து ஓடுகின்றனவே என்று கேட்கலாம். விதியில் உள்ள தளம் சிறிதும் நெகிழாதது; தாக்குதலின் ஆற்றல் முழுவதையும் கொள்கலமே ஏற்க வேண்டும். உண்மையில் மோதும் மண்ணும் வண்டியும் நசுங்கி ஆற்றலின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். ஆதலால் சோதனை பார்வைக்குத் தோன்றுவதினும் கடுமையானது. 1970-களின் பிற்பகுதியில் சாண்டியா ஆய்வகத்தார் கொள்கலம் ஏற்றிய லாரியைக் கற்காரைச் சுவரில் மோதச் செய்தனர். கடவுப்பாதையில் நிறுத்தி இரயில் எஞ்சினை அதன் மீது ஏவினர். 1984 ஜூலை 17 அன்று இங்கிலாந்தில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இரயில் கொள்கலத்தின் மீது மோதவிடப்பட்டது. எஞ்சின் சிதைந்தது, கொள்கலம் தாங்கியது. இவ்வுண்மைகளை மறைத்து மக்களை அச்சுறுத்துவது அறிவுடையோர் செயலாகாது.

லாரியா, இரயிலா?

லாரி எங்கும் செல்லும். ஆனால் சாலையின் எடைவரம்பு அதன் கொள்கலத்தை ஏறத்தாழ 25 டன் அளவில் நிறுத்திவிடுகிறது. அதில் சில கற்றைகளே அடங்கும். இரயில் கொள்கலம் நூறு டன்னுக்கு மேற்பட்டது, அதனினும் பன்மடங்கு கொள்ளும், கவசமும் தடித்தது. அனுப்புகைகள் குறையக் குறைய, வழியோர மக்கள் பெறும் அளவும் சாலை விபத்தும் குறையும். திரீ மைல் தீவில் 1979-இல் உருகிய உலையின் சிதைவுகள் 1986 முதல் 1990 வரை 22 இரயில்களில் பென்சில்வேனியாவிலிருந்து ஐடஹோ வரை கொண்டு செல்லப்பட்டன.

அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்களின் குழு 2006-இல் வெளியிட்ட அறிக்கையும் இரயிலையே பரிந்துரைத்தது. வேறு சரக்கு கலவாத தனி இரயில்கள் வேண்டும். நெடுநாள் ஆறிய பழைய எரிபொருளை முதலில் அனுப்ப வேண்டும். நெடுநேரம் எரியும் தீயைப் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று அக்குழு கூறியது. இம்மூன்றையும் நாம் முழுமனத்துடன் ஏற்கிறோம்.

கணக்கில் அடங்காதவை

ஆயினும் கணக்கில் சில இடைவெளிகளைக் காண்கிறோம். முதலாவது, தீயின் கால அளவு. 2001 ஜூலை 18 அன்று பால்டிமோர் நகரின் ஹோவர்ட் தெருச் சுரங்கத்தில் சரக்கு இரயில் ஒன்று தடம்புரண்டு, வேதிப்பொருள் ஏற்றிய தொட்டி தீப்பற்றியது. தீ முற்றிலும் அடங்கச் சில நாட்கள் ஆயின. அவ்விரயிலில் அணுக்கழிவு இல்லை. இருந்திருந்தால் என்னாகும்? பொதுமக்களுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு நேராது என்றது ஒழுங்காற்று ஆணையத்தின் ஆய்வு. அம்முடிவை நெவாடா மாநிலத்தின் வல்லுநர்கள் ஏற்கவில்லை. அதே நெருப்பு, அதே சுரங்கம், இரு விடைகள். தனி இரயில் வேண்டும் என்ற பரிந்துரையின் பொருள் இங்கே விளங்குகிறது. எரியும் சரக்கு அருகில் இல்லையெனில் அத்தகைய தீயே பெரும்பாலும் எழாது.

இரண்டாவது, மாறும் மக்கள்தொகை. லாஸ் வேகாஸ் அமைந்த கிளார்க் வட்டாரத்தில் 1990-இல் 7.4 லட்சம் பேர் வாழ்ந்தனர், 2000-இல் 13.8 லட்சம், 2020-இல் 22.7 லட்சம். முப்பதாண்டில் மும்மடங்கு. பாதை அதே பாதை. பக்கத்தில் வாழ்வோர் வேறு. ஒரு முறை போட்டு மூடிவைத்த கணக்கு தலைமுறைக் காலத் திட்டத்திற்குப் போதாது.

மூன்றாவது, அச்சமே இழப்பாகும் நிலை. நியூ மெக்சிகோவில் வேறு வகை அணுக்கழிவு செல்லவிருந்த புறவழிச் சாலைக்காகச் சாந்தா பே நகரம் ஒரு குடும்பத்தாரின் நிலத்தைக் கையகப்படுத்தியது. மக்களின் அச்சத்தால் எஞ்சிய நிலத்தின் விலை குறைந்ததென்று அவர்கள் வழக்குத் தொடுத்தனர். அந்த அச்சம் அறிவியலுக்குப் பொருந்துமா என்பதன்று, அதனால் விலை குறைந்ததா என்பதே கேள்வி என்று கொண்டு, இழப்பீட்டை 1992-இல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு துளி கதிரும் வெளிவராமலே அக்குடும்பம் இழப்பை அடைந்துவிட்டது. ராட்டிரானில் இவ்விழப்புக்குக் கட்டமில்லை.

நான்காவதும் தலையாயதும் மனிதரின் நேர்மை. ஜெர்மனியில் 1998-இல் கொள்கலங்களின் புறப்பரப்பில் வரம்பை மீறிய கதிரியக்க மாசு இருந்தது வெளிப்பட்டது. தொழில்துறையினர் அதனைப் பல்லாண்டுகளாக அறிந்திருந்தும் அரசுக்குத் தெரிவிக்கவில்லை. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த அங்கேலா மெர்க்கெல் அப்போக்குவரத்தை நிறுத்தினார். 2001-இல்தான் கோர்லேபனுக்கு மீண்டும் இரயில் சென்றது. மாசு சிறிது, மறைத்தது பெரிது. நூறு கோடியில் ஒன்று என்னும் எண், மூடியைச் சரியாக இறுக்கி, அளவைச் சரியாக எழுதி, பிழையை மறைக்காமல் சொல்லும் மனிதர் இருப்பதாக எண்ணிக்கொண்டே போடப்படுகிறது.

நாம் வலியுறுத்துவன

நியூயார்க் நகரம் 1976-இல் தன் தெருக்களின் வழியே இக்கழிவு செல்வதைத் தடை செய்தது. நடுவணரசு பின்னர் நாடு முழுமைக்குமான விதியை வகுத்து அத்தகைய தடைகளை மேவியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983-இல் அவ்விதியை ஏற்றது. ஒவ்வோர் ஊரும் தன் வாயிலை அடைத்தால் கழிவு எங்கும் செல்லாது என்பது நடுவணரசின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் வாயிலைத் திறக்கச் சொல்பவர் வீட்டாரிடம் பேசிய பின்னரே திறக்கச் சொல்ல வேண்டும்.

எனவே நாம் வலியுறுத்துவன சில. கணிப்பின் ஊகங்கள் அனைத்தும், பயன்படுத்திய எண்களும் விடுபட்டவையும் உட்பட, மக்கள் மொழியில் வெளியிடப்பட வேண்டும். சராசரியை மட்டும் காட்டாமல், பாதையோரத்தில் மிகுதியாகப் பாதிக்கப்படும் தனி மனிதரின் அளவையும், மிகக் கடுமையான விபத்தின் விளைவையும் தனியே காட்ட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மக்கள்தொகையோடு கணக்கையும் புதுப்பிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வல்லுநரின் கணக்கிற்கும் அரசே பொருளுதவி செய்ய வேண்டும். வழியிலுள்ள தீயணைப்போருக்கும் மருத்துவமனையாருக்கும் முதல் வண்டி புறப்படுமுன் பயிற்சி அளிக்க வேண்டும்.

இது தொலைநாட்டுச் செய்தியென்று நாம் ஒதுக்க இயலாது. கூடங்குளம் உலை 2013-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதே ஆண்டு மே 6 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலும் எரிபொருட் கழிவு பற்றிய வினா எழுந்தது. உலைக்கு வெளியே சேமிப்பிடம் அமைப்பது குறித்து 2019 ஜூலையில் நடைபெறவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சேமிப்பிடம் எதுவாயினும் அது இடைக்காலத் தங்கலே. அதன் பின்னர் வரும் பயணத்தின் பாதை எவ்வூர்களின் வழியே செல்லும் என்பதை அவ்வூரார் முன்கூட்டியே அறியும் உரிமை வேண்டும்.

மயிற்பீலி மிக மெல்லியது. அதனையும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று உணர்த்தியவர் வள்ளுவர். வலியறிதலைப் பற்றிய அப்பாடம் இங்கும் பொருந்தும். ஒரு வண்டியின் கதிர் மெல்லியது. ஓர் அனுப்புகையின் இடர் நுண்ணியது. ஐம்பத்து மூவாயிரம் முறை ஏற்றும்போது அச்சு எதுவரை தாங்கும் என்பதே கேள்வி. எஃகின் வலிமையை ஆய்வகத்தார் அளந்துவிட்டனர். மக்களின் நம்பிக்கை என்னும் அச்சின் வலிமையை அளக்க ஆய்வகம் இல்லை. அதனை உண்மை பேசித்தான் காக்க இயலும். இடர் சிறிது என்று சொல்பவர் அதனை அவ்வழியில் குடியிருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவர் கேட்கும் கேள்விக்கு நின்று விடையளிக்கட்டும். அத்தகைய கணக்கையே நாம் நிறைவான கணக்கென்போம்.